கன்னியாவில் ஒரு பொய்ச்செய்தி

பெரியம்மாவின் அந்தியேட்டிச் சடங்குக்காக, திருகோணமலைக்குப் பக்கத்தில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் உள்ள கன்னியாவுக்குப் போன வான் வண்டியில் ஒரு தகப்பனும் மகளும் வழி முழுக்க வாதாடிக்கொண்டு வந்தார்கள். தகப்பன் என் அத்தான். நீர்ப்பாசன வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், இராவணன்மேல் தீராத பற்றுள்ளவர். அவருடைய மகள், என் மருமகள், பேராதனையில் புவிச்சரிதவியல் படிக்கிறாள். வான் அநுராதபுரம் வீதியில் ஏறியதுமே அத்தான் தொடங்கிவிட்டார். இராவணன் வாளை ஊன்றிய இடத்தில் வெந்நீர் பொங்கியது என்றால், நிலத்தடியில் வெப்பம் எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அது அற்புதமில்லை, பொறியியல் என்றார். மகள் விடவில்லை. "மழைநீர் பாறை வெடிப்புகளுக்குள் மிக ஆழத்துக்கு இறங்குகிறது, அப்பா. ஆழம் போகப் போகச் சூடு கூடும். அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு வேறொரு வெடிப்பு வழியாக மேலே வருகிறது. எரிமலையே இல்லாத நாட்டில் இப்படித்தான் வெந்நீர் வரும். மகாஓயாவிலும் இருக்கிறது, அம்பாந்தோட்டைப் பக்கம் மகாபெலஸ்ஸவிலும் இருக்கிறது. அங்கெல்லாம் போய் யார் வாளை ஊன்றியது?" அத்தான் கொஞ்சமும் தளராமல், "ஏன், அவன் ஊன்றியிருக்கக் கூடாதா?" என்றார். எள்ளும் தர்ப்பையும் வாழையிலையும் மடியில் வைத்துக்கொண்டிருந்த அக்கா, இறங்கும் வரைக்குமாவது வாயை மூடிக்கொண்டு வரும்படி இரண்டு பேரையும் அதட்டினாள்.

இறங்கினோம். ஐயர் சொன்னபடி எல்லாம் நடந்தது. அத்தான் பக்தியோடு நின்றார் என்பதில் வியப்பில்லை. மருமகளும் ஒரு குறையும் வைக்காமல் எல்லாவற்றையும் செய்தாள் என்பதுதான் என் கண்ணில் பட்டது. சதுரமாகக் கட்டிய அந்தச் சின்னக் கிணறுகள் ஒவ்வொன்றிலும் வாளியால் அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டாள். ஒன்றின் சூடு மற்றதில் இல்லை என்பதைக் கையைவிட்டுப் பார்த்துக்கொண்டே போனாள். ஒரு கிணற்றின் அடியிலிருந்து குமிழிகள் விட்டு விட்டு ஏறி வந்து மேலே உடைவதைக் கண்டு கொஞ்ச நேரம் குனிந்தபடியே நின்றாள். அவள் அப்போது பெரியம்மாவை நினைத்தாளா, பாறை வெடிப்பை நினைத்தாளா என்று எனக்குத் தெரியாது. வானில் சொன்ன ஒரு சொல்லையும் அவள் கிணற்றடியில் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் ஏழு கிணற்றிலும் குளித்தாள்.

வீடு வந்த பிறகும் அது என்னை விடவில்லை. அத்தானும் மருமகளும் எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் போலத் தெரிந்தாலும், இருவரும் அந்தக் கதைக்கு ஒரே காரியத்தைத்தான் செய்தார்கள். அதை வேறொன்றாக மாற்றித் தீர்த்துவிட்டார்கள். ஒருவர் அதை வரலாறாக்கினார், மற்றவள் தவறான அறிவியலாக்கினாள். இராவணன் அழுத கதை, தாய் செத்துப்போனாள் என்று கேட்டு மயங்கி விழுந்த ஒரு மகனின் கதை, இருவருக்கும் இடையில் உட்கார இடமில்லாமல் நின்றது. மெய்யியல் படித்த காலத்தில் வாங்கிய புத்தகங்களை எடுத்துத் தூசி தட்டியதற்கு அந்த எரிச்சல்தான் காரணம். இந்தச் சண்டை புதிதல்ல என்பது தெரிந்ததுதான். இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பே ஓர் ஆற்றங்கரையில் இது நடந்திருக்கிறது.

பாறையும் காற்றும் ஒரு பெண்ணும்

பிளேட்டோ எழுதிய 'ஃபீட்ரஸ்' உரையாடலில், ஏதென்ஸ் நகருக்கு வெளியே, இலிசோஸ் ஆற்றோரமாக சோக்கிரட்டீசும் ஃபீட்ரஸ் என்ற இளைஞனும் நடந்து போகிறார்கள். வடகாற்றுத் தேவனான போரியாஸ், ஒரெய்த்தியா என்ற இளவரசியைத் தூக்கிப் போனது இந்த இடத்தில்தானே என்று ஃபீட்ரஸ் கேட்கிறான். இல்லை, இன்னும் கொஞ்சம் கீழே, அங்கே ஒரு பலிபீடம்கூட இருக்கிறது என்கிறார் சோக்கிரட்டீஸ். திருகோணமலையில் வளர்ந்த எவருக்கும் இந்தப் பதில் சிரிப்பை வரவழைக்கும். இராவணன் வாளால் வெட்டியதாகச் சொல்லும் பாறைப் பிளவான இராவணன் வெட்டு எது என்று வெளியூர்க்காரர் கேட்டால், கதை உண்மையா என்ற பேச்சுக்கே போகாமல், "அது இல்லை, இந்தப் பக்கம் வாருங்கள்" என்று கையைப் பிடித்துக் கூட்டிப் போகிற ஊர் எங்களுடையது. ஃபீட்ரஸ் அடுத்த கேள்வியைக் கேட்கிறான்: இந்தக் கதை உண்மையென்று நம்புகிறீர்களா?

அறிவாளிகளைப் போல நம்ப மறுப்பது எளிது என்கிறார் சோக்கிரட்டீஸ். பாறைமேல் விளையாடிக்கொண்டிருந்த பெண்ணை வடகாற்று தள்ளிவிட்டது, விழுந்து செத்தாள், அதைத்தான் போரியாஸ் கொண்டுபோனான் என்றார்கள் என்று சொல்லிவிடலாம். ஆனால் அதோடு நிற்க முடியாது. அடுத்து குதிரை உடல் கொண்ட மனிதர்களுக்கும், சிறகு முளைத்த குதிரைக்கும், பாம்புத் தலைமயிர்க்காரிக்கும் விளக்கம் சொல்லியாக வேண்டும். அது ஒருவகை முரட்டு அறிவு, அதற்கு நிறைய ஓய்வு நேரம் வேண்டும், தனக்கு அது இல்லை என்கிறார். தன்னையே இன்னும் அறிந்துகொள்ளவில்லை. தான் டைஃபன் என்ற அசுரனைவிடச் சிக்கலான விலங்கா, சாதுவான பிராணியா என்பதே தெரியவில்லை. இந்த நிலையில் அந்நிய விலங்குகளை ஆராய்வது நகைப்புக்கிடம் என்று முடிக்கிறார்.

பாறை, காற்று, விழுந்த பெண் என்றதும் எங்கள் ஊர்க் கடலோரத்துச் சுவாமிமலை நினைவுக்கு வராமல் இருக்குமா? கோணேசர் கோயிலருகே 1687 என்று பொறித்த கல்தூண் ஒன்று உண்டு. டச்சு அதிகாரி ஒருவரின் மகள், தன்னைக் கைவிட்டுக் கப்பலேறிய காதலனைப் பார்த்தபடி அந்த உச்சியிலிருந்து குதித்தாள் என்பது கதை. அந்தப் பெண் அதற்குப் பிறகும் உயிரோடிருந்து திருமணம் செய்துகொண்டாள் என்று பழைய ஆவணங்களைக் காட்டி எழுதியவர்கள் இருக்கிறார்கள். எழுதி என்ன? சுற்றுலா வருபவர்கள் அந்த விளிம்பில் நின்று இன்றும் கீழே எட்டிப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார்கள். ஆவணம் அந்தப் பெண்ணைக் காப்பாற்றிவிட்டது, கதை அவளை விடவில்லை. செங்குத்தாக இறங்கும் பாறையும் அடியில் கொந்தளிக்கும் கடலும் இருக்கும்வரை அங்கே ஒருத்தி விழுந்துகொண்டேதான் இருப்பாள் என்று நினைக்கிறேன்.

நேரமில்லை என்று சொன்ன அதே சோக்கிரட்டீஸ் அதே உரையாடலில் கதை மேல் கதையாகச் சொல்கிறார். ஆன்மா சிறகுள்ள இரு குதிரைகள் பூட்டிய தேர் என்கிறார். பாட்டில் மயங்கி உண்ணவும் மறந்து செத்த மனிதர்கள்தான் சிள்வண்டுகளாகப் பிறந்தார்கள் என்கிறார். எழுத்தைக் கண்டுபிடித்த எகிப்தியக் கடவுளைப் பற்றிச் சொல்கிறார். கதைகளை விளக்கத்தான் அவருக்கு நேரமில்லை, சொல்ல நேரமிருந்தது. பிளேட்டோவைப் படிக்கிறவர்கள் பலரும் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

மூடர்கள் என்றவர்

சோக்கிரட்டீசுக்கு முன்பே கதைகளின்மேல் கல்லெறிந்தவர் செனோஃபனீஸ் என்ற கிரேக்கச் சிந்தனையாளர். எருதுக்கும் குதிரைக்கும் சிங்கத்துக்கும் கையிருந்து சித்திரம் வரையத் தெரிந்தால், எருது தன் கடவுளை எருதாகவும் குதிரை தன் கடவுளைக் குதிரையாகவும் வரையும் என்றார். அந்த அடியிலிருந்து கதைகளைக் காப்பாற்ற வந்தவர்கள், இவை நேர்ப்பொருளில் சொன்னவையல்ல, உள்ளே வேறு பொருள் இருக்கிறது என்றார்கள். தெற்கு இத்தாலியின் ரேகியம் ஊர்க்காரரான தியாகனீஸ் இதில் முதல்வர் என்பார்கள். ஹோமர் பாட்டில் கடவுளர் ஒருவரையொருவர் அடித்துக்கொள்வது நீருக்கும் நெருப்புக்கும் நடக்கும் போர் என்று அவர் பொருள் சொன்னார்.

இந்தக் காரியத்தை நம் திருமூலரைவிடச் சூடாகச் செய்தவர் எவருமில்லை. சிவன் முப்புரம் எரித்தான் என்ற கதையை எடுத்து, "முப்புரம் செற்றனன் என்பர்கள் மூடர்கள்" என்று ஒரே அடியாக அடித்துவிட்டு, முப்புரமாவது மும்மல காரியம், அதாவது உயிரைக் கட்டும் மூன்று மாசுகளின் வேலை என்றார். கோயில் சுவரெல்லாம் வரைந்து வைத்திருக்கும் கதையை நம்புகிறவனைப் பார்த்து மூடன் என்று சொல்லும் துணிச்சல் ஒரு பக்திநூலில் இருக்கிறது. இளவயதில் அந்த வரி எனக்குப் பெரிய விடுதலையாக இருந்தது. இப்போது அவ்வளவு இல்லை. உள்பொருள் சொல்லத் தொடங்கினால் சோக்கிரட்டீஸ் அஞ்சிய அதே முடிவின்மைதான் வரும். இராவணனின் பத்துத் தலை நான்கு வேதமும் ஆறு சாத்திரமும் என்பார் ஒருவர், ஐம்பொறியும் ஐம்புலனும் என்பார் இன்னொருவர். இருபது கைக்கு என்ன சொல்வது என்று தடுமாறுவார்கள். உள்பொருளைப் பிடித்துவிட்டோம் என்ற திருப்தியில் கதை சக்கையாகிக் குப்பைக்குப் போய்விடுகிறது. மும்மலம் என்பதைக் கற்றுக்கொண்டவனுக்கு, திரிபுரத்தை நோக்கிப் போகும் அந்தத் தேர் எதற்கு?

சம்பந்தர் இந்த வழிக்கே போகவில்லை. ஏழாம் நூற்றாண்டில் அவர் பாடிய திருக்கோணமலைப் பதிகத்திலும், அவருடைய பதிகங்களில் வழக்கமாக வருவதுபோல, எட்டாம் பாட்டில் இராவணன் வருகிறான். கயிலையைத் தூக்குகிறான், விரலின் கீழ் நசுங்குகிறான், துதித்து வரம் பெறுகிறான். என்ன பொருள் என்று சம்பந்தர் விரித்துச் சொல்லவில்லை. தலம் தலமாகப் போய் அதே நிகழ்ச்சியைத் திரும்பத் திரும்பப் பாடியிருக்கிறார். இராவணன் வெட்டருகே கைகூப்பி நிற்கும் சிலையும் அவ்வளவுதான் சொல்கிறது. மலையைத் தூக்கப் பார்த்தவன், இப்போது கும்பிடுகிறான்.

காணி உறுதி

அத்தானின் கட்சிக்கு ஒரு பழைய கிரேக்கத் தலைவர் உண்டு. கிறிஸ்துவுக்கு முன் 300 அளவில் வாழ்ந்த யூஹிமரஸ், கடவுளர் எல்லாரும் முற்கால அரசர்கள், நன்றியுள்ள மக்கள் அவர்களைத் தெய்வமாக்கினார்கள் என்று எழுதினார். அதற்கு அவர் காட்டிய சான்று இன்னும் சுவையானது. அரபு நாட்டுக்குத் தெற்கே கடலில் பங்கையா என்றொரு தீவு, அங்கே பொன்தூண் ஒன்றில் அந்த அரசர்களின் வரலாறு பொறித்திருக்கிறது, தான் கண்டேன் என்றார். அப்படியொரு தீவே கிடையாது. கதைகளை வரலாறாக்கக் கிளம்பியவர் அதற்கு ஒரு புதுக் கதையைக் கட்டவேண்டியிருந்தது.

இலங்கையில் இன்று யூஹிமரசுக்குப் பஞ்சமில்லை. 2019இல் விண்ணுக்குப் போன இந்நாட்டின் சிறிய செய்மதிக்கு 'இராவணா 1' என்று பெயர். அடுத்த ஆண்டு, இராவணனின் வான்பயணம் பற்றிய ஆவணம் எதுவும் கையிலிருந்தால் தந்து உதவும்படி சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தது. நாங்கள் இராவணனைத் தமிழ் மன்னன் என்கிறோம், சிங்கள நண்பர்கள் சிலர் அவனைத் தங்கள் முதல் மன்னன் என்கிறார்கள். கம்பனையும் வான்மீகியையும் திறந்து பார்க்காதவர்கள்தான் இரண்டு பக்கமும் கூடக் கத்துகிறார்கள் என்பது என் நெடுநாள் ஐயம். கன்னியாவுக்கும் அதுதான் நடந்தது. ஏழு கிணறும் யாருடையவை, பக்கத்து மேடு பழைய விகாரையா, பிள்ளையார் கோயில் இருந்த இடம் எது என்ற தகராறு முற்றி, 2019இல் ஊரே திரண்டு போராட்டத்துக்கும் நீதிமன்றத்துக்கும் போனது. அந்தப் போராட்டத்தில் என் அனுதாபம் எந்தப் பக்கம் என்பதை இதைப் படிக்கும் ஊர்க்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. வழிவழியாகத் தாய்தகப்பனுக்குக் கடன் கழித்த இடத்தில், நுழைவதற்கு யாரோ ஒருவர் காரணம் கேட்டால் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் அந்தக் கோபத்தில் நாங்களும் ஒன்றைச் செய்தோம். அழுத மகனின் கதையை எடுத்துக் காணி உறுதிப் பத்திரமாக நீட்டினோம்.

உறுதி என்றால் அதில் எல்லை இருக்க வேண்டும், திகதி இருக்க வேண்டும், முந்திய உரிமையாளர் பெயர் இருக்க வேண்டும். கதையை உறுதியாக்கினால் இவையெல்லாம் கதைக்குள் வந்து ஏறும். இராவணன் எந்த ஆண்டில் ஆண்டான், எந்த மொழி பேசினான் என்று நிரூபிக்க வேண்டிவரும். நிரூபிக்க முடியாதவற்றை இட்டுக்கட்ட வேண்டிவரும். இடையில் அந்தத் தாய் காணாமல் போய்விடுவாள்.

பிளேட்டோவே இதைத் திட்டமிட்டுச் செய்யப் பார்த்தவர்தான். 'குடியரசு' நூலில் முதலில் ஹோமரையும் ஹீசியோடையும் தணிக்கை செய்கிறார். தாய்மாரும் செவிலியரும் பிள்ளைகளுக்கு என்ன கதை சொல்லலாம் என்பதை அரசு தீர்மானிக்க வேண்டும் என்கிறார். பிறகு மூன்றாம் பகுதியின் முடிவில் தானே ஒரு பொய்யை முன்மொழிகிறார். குடிமக்கள் எல்லாரும் இந்த மண்ணின் வயிற்றிலேயே உருவாகி வெளியே வந்தவர்கள், மண்ணே தாய், அவளைக் காப்பது கடமை, அவரவர் உடலில் பொன்னோ வெள்ளியோ இரும்போ கலந்திருக்கிறது என்று சொல்லி நம்பவைக்க வேண்டும் என்கிறார். சொல்வதற்கு முன் சோக்கிரட்டீஸ் தயங்குகிறார், கூச்சப்படுகிறார். இதை யாராவது நம்புவார்களா என்று கேட்டால், அவரோடு உரையாடும் கிளாவ்கோன் சொல்கிற பதில் இருக்கிறதே, அதைப் படித்தபோது எனக்கு முதுகு சில்லிட்டது. இவர்கள் நம்பமாட்டார்கள், இவர்களின் பிள்ளைகளும் பின்வரும் தலைமுறைகளும் நம்பக்கூடும் என்கிறான். எங்கள் நாட்டில் எத்தனை கதைகள் இந்தக் கணக்கில் பிறந்தவை என்று எண்ணிப் பார்த்தால் இரவில் தூக்கம் வராது.

இந்த வழியின் இருபதாம் நூற்றாண்டு வாரிசு பிரான்சின் ஜோர்ஜ் சோரெல். 1908இல் வெளிவந்த நூலில், பொதுவேலைநிறுத்தம் என்பது தொழிலாளரின் தொன்மம், அது நடக்குமா நடக்காதா என்று ஆராய்வது வீண், இன்று அவர்களைக் கிளர்ந்தெழச் செய்கிறதா என்பதுதான் கேள்வி என்றார். மறுக்க முடியாத கதையின் பலம் அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பலத்தை யார் யாரெல்லாம் எடுத்துக்கொண்டார்கள் என்பதைத் தன் உடலால் அறிந்தவர் ஜெர்மன் மெய்யியலாளர் எர்ன்ஸ்ட் காசிரர். 1925இல் அவர் தொன்மச் சிந்தனையைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். தொன்மம் பிழைபட்ட அறிவியல் அல்ல, மொழியையும் கலையையும் போல உலகுக்கு வடிவம் கொடுக்கும் ஒரு வழி என்பது அதன் வாதம். பொறுமையும் மரியாதையும் உள்ள நூல். 1933இல் நாட்சிகள் வந்ததும் யூதரான அவர் ஜெர்மனியைவிட்டுப் போனார். 1945இல் அமெரிக்காவில் இறந்தார். மறு ஆண்டு வெளிவந்த அவருடைய கடைசி நூலில் மரியாதை போய் அச்சம் இருக்கிறது. தொன்மங்கள் தாமாக விளைந்த காலம் போய்விட்டது. இப்போது இயந்திரத் துப்பாக்கியையும் விமானத்தையும் போல அவற்றைத் தொழில்நுட்பத்தோடு உற்பத்தி செய்கிறார்கள் என்று எழுதினார். விமானம் என்ற சொல்லைக் காசிரர் எங்களுக்காகப் போட்டிருக்க முடியாது. ஆனாலும் அந்தப் பத்திரிகை விளம்பரத்தை நினைத்துக்கொள்ளாமல் என்னால் அந்த வரியைக் கடக்க முடிவதில்லை.

இதுவரைக்கும் எழுதி, ஒரு முடிவுக்கு வந்துவிட்டதாக எண்ணியிருந்தேன். கதையை விளக்கவும் வேண்டாம், ஆயுதமாக்கவும் வேண்டாம் என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அப்படியென்றால் அதை வைத்துக்கொண்டு வேறென்ன செய்வது? அங்கே வந்து முட்டிக்கொண்டு நின்றேன். அந்த இடத்தில்தான் மருமகள் தொலைபேசியில் ஒன்றைக் கேட்டாள்.

பெரியம்மா சொன்ன விதம்

கன்னியாக் கதையைப் பெரியம்மா எங்களுக்குச் சொன்ன விதம் இது. இராவணனின் தாய் சிவபூசை தவறாதவள். அவளுக்காகக் கோணேசர் மலையையே பெயர்த்துக்கொண்டு போகலாமென்று இராவணன் வாளால் வெட்டத் தொடங்கினான். அவனை நிறுத்துவதற்காகத் திருமால் ஒரு கிழப் பிராமணர் வடிவில் வந்து, "உன் தாய் இறந்துவிட்டாள்" என்றார். கேட்டவன் மயங்கி விழுந்தான். எழுந்ததும், கடன் கழிக்க வேண்டும், தண்ணீர் எங்கே என்று அழுதான். கிழவர் அவனைக் கன்னியாவுக்குக் கூட்டிப் போய்த் தடியால் ஏழு இடத்தில் ஊன்றினார். வெந்நீர் பொங்கியது. இராவணனே வாளை ஊன்றினான் என்று சொல்பவர்களும் உண்டு, அத்தான் அந்தக் கட்சி. பெரியம்மாவிடம் அது எடுபடாது. "அழுதுகொண்டிருந்தவனுக்கு வாள் எடுக்கத் தோன்றுமா? கிழவர்தான்" என்பாள். அதற்குமேல் விசாரணை இல்லை. கணவன் போன பிறகு, பிள்ளைகள் வெளிநாடு போன பிறகு, அவள் கதை சொல்வது குறையவில்லை, கூடியது. தனிமை கூடக் கூடத் தனக்குக் கதைகளின்மேல் பிரியம் கூடுகிறது என்று முதுமையில் எழுதிய கடிதமொன்றில் அரிஸ்டோட்டில் சொல்லியிருக்கிறார். தர்க்கத்துக்கு இலக்கணம் வகுத்த மனிதர். அந்த வரியைப் பெரியம்மாவுக்கு ஒருநாள் சொன்னேன். "பாவம், அந்த மனிதருக்கு யாரும் இல்லையா?" என்று கேட்டாள்.

மருமகளின் கேள்வி இதுதான்: "மாமா, பெரியம்மம்மா சொன்னதில் அந்தக் கிழவர் சொன்னது பொய்தானே? தாய் அப்போது சாகவில்லையே?" ஆம் என்றேன். பெரியம்மா அதை மறைத்ததில்லை. கிழவர் பொய் சொன்னார், பாவம் பிள்ளை நம்பிவிட்டான் என்றுதான் சொல்வாள். "அப்படியென்றால் அந்தத் தண்ணீர் பொய்ச்செய்தி கேட்டு அழுதவனுக்காக வந்தது. கதையே தன்னைப் பொய் என்று சொல்லிக்கொள்கிறது. பிறகு ஏன் அப்பாவும் நானும் அது உண்மையா பொய்யா என்று சண்டை போட்டோம்?"

எத்தனையோ ஆண்டுகளாகக் கேட்ட கதை. இந்தக் கோணம் என் தலையில் ஏறியதே இல்லை. செய்தி பொய், சொன்னவர் வேடதாரி, நோக்கம் சூழ்ச்சி. அந்தக் கதையில் பொய்யில்லாதது அவன் அழுகை ஒன்றுதான். கடன் கழித்தது அதன் பெயரில்தான். கதைக்குள்ளேயே, சொன்னது உண்மையா என்ற கேள்வியும் செய்தது பொருந்துமா என்ற கேள்வியும் வேறு வேறு என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். எந்தக் காலத்துக் கிழவி அப்படிப் பிரித்தாளோ தெரியாது. தொன்மம் என்பது முதல் நாளில் ஒருவர் இயற்றி முடித்ததல்ல, சொல்லிச் சொல்லிக் கேட்பவர் தாங்காதது உதிர்ந்து தாங்கியது மிஞ்சியது என்று ஜெர்மன் மெய்யியலாளர் ஹான்ஸ் புளுமன்பெர்க் 1979இல் எழுதினார். வாளா, தடியா என்ற பெரியம்மாவின் தீர்ப்பும் அந்த வேலையின் ஒரு துளிதான். அழுகிறவன் கையில் வாளிருப்பது அவளுக்குப் பொருந்தவில்லை, எடுத்துவிட்டாள்.

கிணற்றடியில் என் மருமகள் செய்ததற்குப் பெயர் சொல்லக்கூடியவர் மெய்யியலாளர் விட்கென்ஸ்டைன். 1931இல் அவர் ஃபிரேசரின் மானுடவியல் நூலைப் படித்து எரிச்சலடைந்து குறிப்புகள் எழுதினார். உலகத்து மக்களின் சடங்குகளையெல்லாம் ஃபிரேசர் தப்பான அறிவியலாகவே பார்க்கிறார்; இவ்வளவு பேரும் இவ்வளவு காலமும் வெறும் முட்டாள்தனத்தால் இதைச் செய்தார்கள் என்று நம்பச் சொல்கிறாரா என்பது அவருடைய கேள்வி. நமக்கு வேண்டியவரின் படத்தை முத்தமிடுகிறோம். அந்த முத்தம் படத்திலிருப்பவருக்குப் போய்ச் சேரும் என்ற கொள்கையை வைத்துக்கொண்டா முத்தமிடுகிறோம்? இல்லை. செய்கிறோம், செய்தபின் மனம் நிறைகிறது. மழை அரசனிடம் மழை கேட்டுப் போகிறவர்கள், மழைக்காலம் வரும்போதுதான் போகிறார்கள், கோடையில் போவதில்லை என்றும் குறித்திருக்கிறார். அவர்கள் ஒன்றும் அறியாதவர்களல்ல. மருமகளும் ஒன்றும் அறியாதவளல்ல. அந்த வெந்நீர் பெரியம்மாவை எங்கேயும் கொண்டு சேர்க்கும் என்று அவள் நினைக்கவில்லை. பாறை வெடிப்பைப் பற்றிய அறிவு அவள் கையிலிருந்த வாளியைத் தட்டிவிடவும் இல்லை.

விட்கென்ஸ்டைனோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. சடங்குக்குப் பின்னால் கருத்து எதுவுமே இல்லை என்கிற அளவுக்குச் சில இடங்களில் போய்விடுகிறார். கதை தெரியாதவன் அந்தக் கிணற்றில் குளித்தால் அது வெறும் குளியல். வார இறுதியில் டிக்கெட் எடுத்து உள்ளே வந்து படம் பிடித்துக்கொண்டு குளிக்கும் கூட்டத்தைப் பார்த்தால் தெரியும். தண்ணீர் அதேதான். கதைதான் அந்த வாளிக்குக் கனம் கொடுக்கிறது. இந்த இடத்தில் எனக்குத் துணை வருபவர் மறுபடியும் பிளேட்டோதான், ஆனால் 'குடியரசு' எழுதிய அந்த ஆட்சிக்காரர் அல்ல.

'ஃபீடோ' உரையாடலில் சோக்கிரட்டீசுக்கு அன்று மாலை நஞ்சு. ஆன்மா அழியாதது என்று நாள் முழுக்க வாதம் செய்து களைத்தபின் நண்பர்களுக்கு ஒரு கதை சொல்கிறார். பூமிக்கடியில் பெரிய ஆறுகள் ஓடுகின்றன, சிலவற்றில் தண்ணீர், சிலவற்றில் வெந்நீர், சிலவற்றில் நெருப்பு, சிலவற்றில் சேறு. எல்லாம் பூமியை ஊடுருவிப் போகும் ஒரு பெரும்பள்ளத்தில் விழுந்து, அங்கிருந்து மூச்சைப் போல மேலும் கீழும் ஆடிப் புறப்படுகின்றன. இறந்தவர்கள் அந்த ஆறுகளின் வழியே போகிறார்கள். சொல்லி முடித்துவிட்டு, இதெல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது என்று சாதிப்பது அறிவுள்ளவனுக்கு அழகல்ல என்கிறார். ஆனால் இதுபோல ஏதோ ஒன்று உண்டு என்று துணிவது தகும், அந்தத் துணிவு அழகானது, இவற்றை மந்திரம் சொல்வதுபோலத் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள வேண்டும் என்கிறார். குடிகளுக்குச் சொல்லி நம்பவைப்பதும், சாகப்போகிறவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்வதும் ஒரே ஆசிரியரின் இரண்டு நூல்களில் இருக்கின்றன. முதலாவதற்கு அரசு வேண்டும், தணிக்கை வேண்டும், இரண்டு தலைமுறை காத்திருக்க வேண்டும். இரண்டாவதற்கு ஒன்றும் வேண்டியதில்லை. கதையைச் சொன்ன கையோடு சோக்கிரட்டீஸ் குளிக்க எழுந்து போனார். பிணத்தைக் குளிப்பாட்டும் சிரமத்தைப் பெண்களுக்கு வைக்கக் கூடாதாம்.

அந்தப் பக்கங்களை மருமகளுக்குத் தமிழில் எழுதி அனுப்பினேன். வெந்நீர் ஆறும் தண்ணீர் ஆறும் பக்கத்தில் பக்கத்தில் ஓடுவதாகச் சொல்லும் இடத்தை அவள் ரசிப்பாள் என்று எதிர்பார்த்தேன். மறுநாள் பதில் வந்தது. பூமியை ஊடுருவும் பள்ளத்தில் நீர் அப்படி ஆட முடியாது, நடுவுக்கு வந்ததும் அதற்குமேல் இறங்க இடமில்லை, எதிர்ப்பக்கம் ஏறியாக வேண்டும் என்று ஒரு படமும் போட்டிருந்தாள். சிரித்துக்கொண்டே அரிஸ்டோட்டிலின் 'வானிலையியல்' நூலைத் தேடினேன். இரண்டாம் பகுதியில், 'ஃபீடோ'வில் சொன்னபடி ஆறுகள் ஓட முடியாது என்று அவரும் இதே காரணத்தைத்தான் சொல்லியிருக்கிறார். ஆசிரியரின் கடைசிநாள் கதையையும் நீரோட்டக் கணக்காக எடுத்துக்கொண்டு மறுத்த மாணவர், கிழவராகித் தனித்துப்போனபின் கதைகளிடம் திரும்பி வந்த அதே மனிதர்தான். இதை அவளுக்கு எழுதினேன். தனக்கு இன்னும் வயதாகவில்லை என்று பதில் போட்டாள். அத்தான் இப்போது அந்தப் படத்தை அச்செடுத்து வைத்துக்கொண்டு, கிரேக்கர்களுக்கு நிலத்தடி வெந்நீரைப் பற்றிச் சொல்லிக் கொடுத்தது யார் என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.